வேம்புக்கு வரவேண்டிய வேலை

"எந்த வருஷத்துலேருந்து பொதுச்சேவைன்னு போடட்டும், கவுன்சிலரம்மா?" என்று கேட்டார் சலாஹுதீன் பாய்.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். ஊர் வர்த்தகர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்று சங்கம் ஒருவருக்கு நற்பணி விருது கொடுக்கும். இந்த வருஷம் பதினான்காவது வார்டு நகர்மன்ற உறுப்பினர் அம்சவல்லிக்கு என்று முடிவாகியிருந்தது. விருதோடு ஒரு துண்டறிக்கை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுப்பது வழக்கம். அதற்காகத்தான் பாய் ஒரு நோட்டோடு வார்டு அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

"தொண்ணூத்தி நாலு. பால்வாடி டீச்சரா வேலைக்குத் தேர்வான வருஷம்" என்றாள் அம்சவல்லி.

இதை அவள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. தேர்தல் நோட்டீசிலும் இதுதான் இருந்தது. விவசாயக் கூலிகளின் மகள். பத்தாவது முடித்துவிட்டு அங்கன்வாடிப் பணியாளர் ஆனவள். இருபத்தேழு வருஷம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு எடை பார்த்தவள். கொரோனாவில் தகரம் வைத்து அடைத்த தெருக்களுக்குச் சோறு ஆக்கி அனுப்பியவள். ஊராட்சியாக இருந்த அவள் ஊர் நகராட்சியோடு சேர்ந்த பிறகு, இரண்டாயிரத்து இருபத்திரண்டில் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்தவள். காலை ஐந்தரைக்கெல்லாம் வார்டைச் சுற்றக் கிளம்பிவிடுவாள். எரியாத விளக்கு, அடைத்த சாக்கடை, தண்ணீர் வராத குழாய் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் நிற்பாள். மற்ற உறுப்பினர்கள் கேலியாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் பேசிக்கொள்வார்கள், இந்த அம்மாவுக்கு வீடு வாசல் கிடையாதா என்று.

ஒரு நாள் சும்மா உட்கார்ந்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, கணவர் செழியனுக்குக்கூட.

"நாலு பேர்கிட்ட விசாரிச்சு எழுதலாம்னு உங்க வார்டுல சுத்தினேன்" என்றார் பாய். "வாய்க்கால்கரைத் தெருவுல வேம்புன்னு ஒரு அம்மா. உங்களோட படிச்சவங்களாமே. அரை மணி நேரம் நிறுத்தவே இல்ல. 'நானும் அவளும் ஒரே வேலைக்கு எழுதிப் போட்டோம் பாய். எனக்குக் கெடைக்கல, அவளுக்குக் கெடைச்சுது. கெடைச்சவ அதை வீணாக்கல. அது போதும் எனக்கு'ன்னாங்க. அப்படியே எழுதிக்கிட்டேன். பிரமாதமா இருக்கும்."

"அதைப் போட வேணாம் பாய்."

"ஏம்மா? அதுதான் நல்லா இருக்கு."

அவள் மேஜைமேல் இருந்த மனுக்களை எடுத்து அடுக்கினாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு பாய் சிரித்தபடி எழுந்து போனார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஊரில் பால்வாடி திறந்தபோது ஒரே ஒரு டீச்சர் வேலைதான் இருந்தது. பத்தாவது தேறிய பெண்கள் ஊரில் இரண்டே பேர், வேம்புவும் அம்சவல்லியும். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரே வரிசையில் இறங்குவார்கள். மார்க் வேம்புவுக்குத்தான் அதிகம். பட்டியலில் முதல் பெயர் வேம்பு, இரண்டாவது அம்சவல்லி என்று எழுத்தர் ஒருவர் சொல்லி இருவருக்குமே தெரிந்திருந்தது.

"எனக்குக் கெடைச்சா உன்னை ஆயாவா வெச்சுக்கிறேன்டி" என்று வேம்பு சிரித்தாள். அம்சவல்லியும் கூடவே சிரித்தாள். ஆனால் அவள் வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் அம்மாவின் தம்பிக்கே அவளைக் கட்டிக்கொடுத்துவிடுவது என்று. அந்த மாமனுக்கு முப்பத்தெட்டு வயது. குடித்துவிட்டு முதல் மனைவியை அடித்தே விரட்டியவன்.

கார்த்திகை மாதம் ஒரு காலைப்பொழுதில் அம்சவல்லி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் ஃபைல்.

"ஏம்மா, வேம்பு, தகப்பனார் பேர் கண்ணுசாமி. வீடு எது?"

"எதுக்கு சார்?"

"பால்வாடி வேலைக்கு எழுதியிருக்கு. உள்ளூர்லதான் இருக்கான்னு பாத்து எழுதணும்."

வேம்பு அப்போது பெரிய மதகுக்குப் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பம்படியில் நின்று உரக்கக் கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். அம்சவல்லி கூப்பிடவில்லை.

"அதுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சு சார். திருக்காட்டுப்பள்ளிக்குப் போவுது."

"நிச்சயமே ஆயிருச்சா?"

"ஆமா சார்."

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பேச்சு வந்தது உண்மை. ஆனால் வேம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கண்ணுசாமியும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவர் ஃபைலைத் தொடைமேல் வைத்து ஒரு வரி எழுதினார். தண்ணீர் கேட்டார். அவள் குடத்தைச் சாய்த்து அவர் கையில் ஊற்றினாள். குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் இருக்கும்.

தை மாதம் அம்சவல்லிக்கு ஆர்டர் வந்தது. வேம்பு இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பால்வாடிச் சுவரில் பழங்களின் படமும் மிருகங்களின் படமும் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நீ தனியா எப்படி ஒட்டுவ?" என்றாள். மாசியில் திருக்காட்டுப்பள்ளிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. அம்சவல்லி சொன்ன பொய் மூன்று மாதத்தில் மெய்யாகிவிட்டது.

அதன்பின் வேம்பு ஊருக்கு வந்துபோவதோடு சரி. கண்ணுசாமி செத்தபோது வந்தாள். அண்ணன் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்தாள். இரண்டு வருஷம் முன்பு, புருஷன் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போன பிறகு ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். பிள்ளை இல்லை. வாய்க்கால்கரைத் தெருவில் ஒரு ஓட்டு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மறுபடியும் நடவுக்குப் போனாள். வயது ஐம்பது. குனிந்தால் நிமிர முடியாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வழியில் அம்சவல்லியைக் கண்டால், "ஏடி அம்சா, சாப்டியாடி?" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். கூட வரும் ஆட்கள், கவுன்சிலரை வாடி போடி என்று பேசும் இவள் யார் என்று பார்ப்பார்கள். அப்படி அவள் கூப்பிடும்போதெல்லாம் அம்சவல்லிக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

பாய் வந்துபோன பத்தாம் நாள் நகராட்சியிலிருந்து செம்மொழி போன் செய்தாள். மகளிர் குழுக்களைக் கவனிக்கும் சமுதாய அமைப்பாளர் அவள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வார்டிலுள்ள தொடக்கப்பள்ளியில் காலை உணவு சமைத்துக்கொண்டிருந்த பெண் திருப்பூருக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. மகளிர் குழுவில் இருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் அந்த வேலை. பிள்ளை அதே பள்ளியில் படித்தால் முன்னுரிமை. வேம்புவை எழுதிப்போடச் சொன்னதே அம்சவல்லிதான்.

"மேடம், உங்க வார்டுல ரெண்டு பேர் இருக்காங்க. முதல்ல அனீஸா. அவங்க பொண்ணு அதே ஸ்கூல்ல மூணாவது படிக்குது. அடுத்தது வேம்பு. அனீஸா வீட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டேன், பூட்டியே கிடக்கு. போனும் எடுக்கல. அவங்க அங்கதான் இருக்காங்களா, காலி பண்ணிட்டாங்களா? இன்னைக்கு லிஸ்ட் அனுப்பணும்."

அனீஸாவின் அம்மா குத்தாலத்தில் இருந்தாள். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அனீஸா பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போகும்போது அலுவலகத்துக்கு வந்து அம்சவல்லியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அனீஸாவின் புருஷன் குவைத்துக்குப் போய் ஐந்து வருஷமாகிறது. மூன்று வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

இதெல்லாம் அம்சவல்லிக்குத் தெரியும். ஆனாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் நினைத்தது வேம்புவின் இடுப்பைத்தான். முப்பது வருஷம் கழித்து ஒரு வேலை வருகிறது, இதிலும் வேம்பு இரண்டாவது இடத்தில் நிற்கிறாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அனீஸா சின்னப் பெண், அவளுக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

"அம்மா வீட்டோட போயிருச்சும்மா அது" என்றாள்.

"திரும்ப மாட்டாங்களா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"சரி மேடம். நீங்க சொன்னா போதும்."

ஆடி பிறந்த முதல் திங்கட்கிழமை வேம்பு வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்ததும் ஏப்ரனும் தலையில் மாட்டும் வலைத்தொப்பியுமாக அப்படியே அலுவலகத்துக்கு வந்து நின்று, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். "ரவா கிச்சடி. எழுபத்திரண்டு பிள்ளைங்க. ஒண்ணுகூட மிச்சம் வெக்கலடி." அம்சவல்லி அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த நாளும் தூங்கினாள். பட்ட கடன் தீர்ந்ததுபோல இருந்தது. பாய் அச்சடித்துக் கொண்டுவந்து காட்டிய துண்டறிக்கையைக்கூட முழுசாகப் படிக்க முடிந்தது. வேம்பு சொன்னதை அவர் நீக்கவில்லை. தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அனீஸா வந்தாள். ஆபரேஷன் ஆன இடத்தில் சீழ் வைத்ததால் பத்து நாளில் வருகிறேன் என்று போனவள் திரும்ப ஒரு மாதம் ஆகிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூடச் சான்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, நான் ஊரைக் காலி பண்ணிட்டேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு அந்த மேடம் சொல்ல மாட்டேங்கறாங்க. யார் மேலயும் எனக்குக் கோவம் இல்லக்கா. பூட்டுன வீட்டைப் பாத்து நினைச்சிருப்பாங்க. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்."

அம்சவல்லி அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகை ஒப்பந்தத்தில் சாட்சியாக அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"வேம்பக்காவைத் தூக்கச் சொல்லல" என்று அனீஸா அவசரமாகச் சொன்னாள். "அவங்க என் பொண்ணுக்கு ரெண்டு கரண்டி கூடப் போடறாங்களாம். நல்லவங்க. வேற ஸ்கூல்ல இடம் இருந்தாலும் போதும்."

"அனீஸா."

"சொல்லுங்கக்கா."

"நான்தான் சொன்னேன்."

அனீஸாவுக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"நீ அம்மா வீட்டோட போயிட்டேன்னு. திரும்ப மாட்டேன்னு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அனீஸா காகிதங்களை ஒவ்வொன்றாகக் கவரில் போட ஆரம்பித்தாள். வாடகை ஒப்பந்தம் மடங்கிக்கொண்டது. அதை நிதானமாக நீவிவிட்டு உள்ளே வைத்தாள்.

"நான் உங்ககிட்டதானேக்கா வந்தேன்" என்றாள். "வேற யார்கிட்டயும் போகலையே."

கவரை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அம்சவல்லி பின்னாலேயே போய், "நாளைக்கே சரி பண்ணித் தரேன்" என்றாள். அனீஸா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியமே அம்சவல்லி வாய்க்கால்கரைத் தெருவுக்குப் போனாள். வேம்பு ஏப்ரனைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடி. பால் இல்ல, வரக்காப்பிதான். போடட்டுமா?"

"வேணாம் வேம்பு. உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் குரலைக் கேட்டதும் வேம்பு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்சவல்லி எதையும் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். அடிபம்பு, மொபெட்டில் வந்த ஆள், திருக்காட்டுப்பள்ளி என்று தான் சொன்னது, அவர் எழுதிய வரி. அவ்வளவையும் வேம்பு இமைக்காமல் கேட்டாள்.

"அந்தாளு ஊருக்கு வந்தாரா?" என்று கேட்டாள் கடைசியில். அவளுக்கு அதுதான் முதலில் உறைத்தது. "வரவே இல்லன்னுல்ல நினைச்சேன். நான் எங்க இருந்தேன்?"

"மதகுக்கிட்ட. களை எடுத்துக்கிட்டிருந்த."

"கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும்."

வேம்பு எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். திரும்ப வந்து உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருடி. 'நான்தான் தப்பு பண்ணிட்டேன். மத்தவங்கல்லாம் ஆளைப் புடிச்சு சொல்லி வெப்பாங்க. நான் சும்மா இருந்துட்டேன், எம்புள்ள நடவு நட்டுச் சாவுது'ன்னு. படுக்கையில கெடந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. அவரு செத்த அன்னைக்கு நீ வந்து தலைமாட்டுல உக்காந்து அழுதியே. அப்பக்கூட உனக்கு வாய் வரலையா?"

"வரல."

"அந்த மாமனுக்கு உன்னைக் கட்டி வெச்சிருவாங்கன்னு பயந்த. அது எனக்குத் தெரியும். பத்தொம்பது வயசு. நானா இருந்தாலும் அப்படி சொல்லியிருப்பேனோ என்னவோ." வேம்பு கொடியில் கிடந்த ஏப்ரனைப் பார்த்தாள். "அதுக்குத்தான் இந்தச் சமையல் வேலைய வாங்கிக் குடுத்தியா?"

"இன்னும் இருக்கு வேம்பு."

அனீஸாவின் விஷயத்தைச் சொன்னாள். இதைச் சொல்வதுதான் அவளுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. முதல் பொய்க்கு வயதையும் பயத்தையும் காரணம் காட்டலாம். இதற்குக் காட்ட ஒன்றும் இல்லை.

வேம்புவின் முகம் மாறிவிட்டது. அதுவரை அதில் இருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போனதை அம்சவல்லி கண்ணால் பார்த்தாள்.

"அனீஸா பொண்ணு பேரு நிலோஃபர்" என்றாள் வேம்பு. "ரெண்டு சடை போட்டுக்கிட்டு முதல் வரிசையில உக்காரும். 'அம்மா ஊர்ல இல்ல ஆன்ட்டி'ன்னு சொல்லுச்சு. பாவம்னு இன்னொரு கரண்டி போட்டேன். அது அம்மா வேலையப் புடுங்கிக்கிட்டு அதுக்கே பாவம் பாத்திருக்கேன்."

"உனக்கு அது தெரியாதே."

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? அன்னைக்கு என்கிட்டேருந்து எடுத்த. சரி, அது உன்னோட போகட்டும். இன்னைக்கு என்னை எடுக்க வெச்சுட்டியே. நான் யார்கிட்டயும் எதுவும் எடுத்ததில்லடி."

கொடியில் கிடந்த ஏப்ரனை ஈரத்தோடு உருவி மடித்தாள். உள்ளே போய் வலைத்தொப்பியையும் எடுத்துவந்து அதன்மேல் வைத்து நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. நாளைக்குக் காலையில மட்டும் போய் ஆக்கிப் போட்டுடறேன், பிள்ளைங்க பட்டினி கிடக்கக் கூடாது. அதுக்கப்புறம் அவங்க வரட்டும்."

'குடுத்துருங்க' என்று அவள் மரியாதை கொடுத்துச் சொன்னது அம்சவல்லிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"வேம்பு, என்னை மன்னிச்சிரு."

"இனிமே எனக்குன்னு எதுவும் செய்யாதீங்க. அது போதும்."

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் அம்சவல்லி வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாள். அனீஸா வார்டிலேயே குடியிருப்பவர் என்பது தெரிந்திருந்தும் தான் தவறான தகவல் கொடுத்ததாகவும், அதற்குத் தானே பொறுப்பு என்றும். செம்மொழி அதை இரண்டு தடவை படித்தாள்.

"மேடம், 'தகவல் பிழை'ன்னு எழுதினா போதுமே. நானே சரி பண்ணிடறேன்."

"பிழை இல்லம்மா. பொய்."

செம்மொழியின் கண் கலங்கிவிட்டது. "உங்க பேச்சை நம்பித்தானே மேடம் எழுதினேன். மூணாவது தடவை நானே போய்ப் பாத்திருக்கணும். வார்டுல யாரைக் கேட்டாலும், அந்தம்மா சொன்னா சரியா இருக்கும்னாங்க."

கடிதம் மேலே போனது. அடுத்த மன்றக் கூட்டத்தில் எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் அதை எழுந்து நின்று வாசித்தார். சிலர் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் அவளைக் கல்விக் குழுவிலிருந்து விலக்கினார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒருவர் அருகில் வந்து, "இதுக்கெல்லாம் போய் எழுதிக் குடுப்பாங்களா? நாங்க செய்யாததா?" என்று தோளைத் தட்டினார். வாசித்ததைவிட அந்த ஆறுதல்தான் அவளை அதிகம் கூசவைத்தது.

சலாஹுதீன் பாயின் கடைக்கு அவளே போனாள். அதற்குள் அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. துண்டறிக்கைக் கட்டுகள் குக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தன.

"அந்தச் சமையல் விஷயம் கேள்விப்பட்டேன்மா. ஒரு தப்பு. ஒத்துக்கிட்டீங்க. விருது வேற, அது வேறன்னு சங்கத்துல பேசிக்கிட்டிருக்கேன்."

அவள் தொண்ணூற்று நான்காம் வருஷத்துக் கதையையும் சொன்னாள். பாய் கல்லாவில் கையூன்றி நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு துண்டறிக்கையை உருவி, வேம்பு சொன்ன வரிகளை வாய்க்குள்ளேயே படித்தார்.

"இதைப் போட வேணாம்னு அன்னைக்கே சொன்னீங்க" என்றார். "நான்தான் கேக்கல."

விருது அந்த வருஷம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குப் போனது.

ராஜினாமா செய்துவிடலாம் என்று அவள் நினைக்காமல் இல்லை. எழுதியே வைத்துவிட்டாள். செழியன் தான் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து வந்து அதைப் படித்தார். இத்தனை வருஷம் தன்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தத்தில் அவர் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தார். அன்றுதான் வாயைத் திறந்தார்.

"இதை யாருக்காகக் குடுக்கப் போற? அந்த ரெண்டு பேருக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்" என்றாள் அவள் யோசித்து.

"அப்ப வெச்சுக்க. வடிகால் வேலை பாதியில நிக்குது."

அவள் கொடுக்கவில்லை. ஆனால் முன்போல இல்லை. அதே ஐந்தரைக்குக் கிளம்பினாள், அதே தெருக்களில் நடந்தாள். வழியில் யாராவது கும்பிட்டால் கை பாதிதான் எழுந்தது. மனு கொண்டுவருகிறவர்களிடம், "நான் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, நகல் வெச்சுக்குங்க" என்று சொல்லப் பழகினாள். சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிலருக்கு ஏன் சொல்கிறாள் என்று தெரிந்திருந்தது, அவர்கள் சிரிக்கவில்லை.

அனீஸா பள்ளியில் சேர்ந்துவிட்டாள். நேரில் கண்டால் தலையசைப்பாள், நிற்க மாட்டாள். வேம்பு மறுபடி நடவுக்குப் போனாள். சம்பா நடவு தொடங்கியதும் நாற்றுப் பறிக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கி, குத்தாலம் வரைக்கும் வேனில் கூட்டிப் போக ஆரம்பித்தாள். குனிகிற வேலையைக் குறைத்துக்கொண்டு ஆள் பேசி விடுவதைத் தான் பார்த்துக்கொண்டாள். அதை அவளாகவே செய்துகொண்டாள். அலுவலகத்துக்கு ஒரு தடவை வந்தாள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்திட்ட குடிநீர் மனுவோடு, கூட்டத்தோடு வந்து, "பாத்துச் செய்யுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. வாய்க்கால் கரையை மீறித் தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான்காம் நாள் விடிந்தும் விடியாமலும் அம்சவல்லி இடுப்பளவுத் தண்ணீரில் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேம்புவின் வீட்டு முன் வந்தபோது வேம்பு படியில் நின்று பாத்திரங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்துரு வேம்பு. சுவர் ஊறியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. எதுத்தாப்ல பிரகதீஸ்வரிக்கு ராத்திரியிலேருந்து வலி. புருஷன் சென்னையில இருக்கான். அதை முதல்ல பாருங்க."

டிராக்டர் ஒன்றைப் பிடித்து, டிரெய்லரில் கட்டில் போட்டு, மேலே தார்ப்பாயை அம்சவல்லியும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோரு மணிக்குப் பிரசவம் ஆனது. அம்சவல்லி திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. சேலை முழுக்கச் சேறும் டீசல் நாற்றமுமாக அவள் வாய்க்கால்கரையில் நடந்து வந்தாள்.

வேம்பு ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன புள்ள?" என்றாள்.

"பொண்ணு. மூணு கிலோ."

"தாய்க்கு?"

"நல்லா இருக்கு."

வேம்பு தலையாட்டினாள். வேறு ஏதோ கேட்கப்போகிறவள் போல ஒரு கணம் நின்றாள். கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அம்சவல்லி சேலையைப் பிழிந்து சொருகிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.